மூன்று பற்றரி தின்ற படகு

“அத்தான், உங்களிட்ட நல்ல பற்றரி ஒண்டு கிடக்கோ?”

மச்சான் போனில் இப்படிக் கேட்டபோது நான் ஓர் ஓட்டோவின் ஹோர்ன் வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தேன். 2023 யூன் மாதம். வாடைக்காற்றின் கொந்தளிப்பெல்லாம் ஓய்ந்து, திருகோணமலைக் கடல் பாய் விரித்ததுபோல் கிடக்கும் காலம். நிலாவெளியில் அவனுக்கு 23 அடி ஃபைபர் படகு ஒன்று உண்டு. பின்னால் 40 குதிரைவலு எஞ்சின். விடியப்புறம் திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களை ஆழ்கடலுக்கு ஏற்றிப்போவான். பத்து மணிக்குத் திரும்பி வந்து புறாத்தீவுக்கு ஆள் ஏற்றுவான். வருடத்துச் சம்பாத்தியம் முழுக்க இந்த நாலைந்து மாதத்தில்தான். பருவம் தொடங்கும்போது படகில் இருந்த பழைய பற்றரி ஒன்று, பிறகு கடையில் வாங்கியவை இரண்டு. மூன்றும் படுத்துவிட்டன. இப்போது நாலாவதைத் தேடுகிறான்.

அன்று காலை நடந்ததைச் சொன்னான். திமிங்கிலம் ஒன்று பக்கத்தில் எழும்ப, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். அது மூச்சு விட்டு, வாலைத் தூக்கி அமிழ்ந்த பிறகு திறப்பைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கரை கண்ணுக்கே தெரியாத இடம். எஞ்சின் மூடியைக் கழற்றி, உச்சியில் இருக்கிற சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்துத்தான் ஸ்ராட் செய்தானாம். ஏழாவது இழுப்பில் பிடித்ததாம். ஏறியிருந்த ஆறு வெள்ளைக்காரரும் கைதட்டினார்களாம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது. எனக்கு வயிறு கலங்கியது.

“பற்றரி கிடக்கட்டும். ஆர்பிஎம் மீற்றர் என்ன காட்டுது?”

“அதோ? அது செத்து ஒரு மாசமாச்சு. அது இல்லாட்டிலும் போட் ஓடும்தானே, அத்தான்.”

போனை வைத்துவிட்டு மல்ரிமீற்றரை எடுத்துப் பைக்குள் போட்டேன். பற்றரி எதுவும் எடுக்கவில்லை.

நான் கடல்தொழில் தெரிந்தவன் இல்லை. நீச்சலும் சுமார்தான். நிலாவெளி வீதியில் ஓட்டோவுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் வயறிங் வேலை செய்கிற கடை வைத்திருக்கிறேன். ஆனால் அரசாங்கக் கடிதங்களில் ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்று எழுதப்படும் இந்தப் படகு எஞ்சின், மின்சாரத்தைப் பொறுத்தவரை, நிமிர்த்தி வைத்த மோட்டார்சைக்கிள்தான். மோட்டார்சைக்கிளில் மக்னெற் இருக்கிறது, கொயில் இருக்கிறது, கட்டவுட் இருக்கிறது, பற்றரி இருக்கிறது. படகிலும் அதே நாலு சாமான்தான். கூடுதலாக இருப்பது உப்பு.

எஞ்சின் மூடியைத் தூக்கினால் உச்சியில் இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு சக்கரம் தெரியும். அந்தச் சட்டியின் உள்விளிம்பைச் சுற்றிக் காந்தங்கள் பதித்திருப்பார்கள். சட்டிக்குள்ளே அசையாமல் இருப்பது செப்புக் கம்பி சுற்றிய கொயில் வளையம். புத்தகத்தில் இதற்கு ஸ்ரேற்றர் என்று பெயர். எஞ்சின் ஓடச் சட்டி சுழல்கிறது. வடமுனை, தென்முனை என்று காந்தங்கள் மாறி மாறிக் கம்பியைக் கடக்கின்றன. கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் பரடே 1831இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாடமாக்கினோமே, அதுவேதான். எனக்குச் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு எஸ்தான் கிடைத்தது. பரடே விளங்கியது கொயில் சுற்றத் தொடங்கிய பிறகுதான்.

இந்தக் கொயில் வளையத்தில் இரண்டு தனித்தனி வேலை நடக்கிறது. ஒரே கிணற்றில் இரண்டு துலா போட்டதுபோல. ஒரு துலா பிளக்குக்கு நெருப்பு இறைக்கிறது. மற்றது பற்றரிக்கு இறைக்கிறது. பற்றரித் துலா முறிந்தாலும் நெருப்புத் துலா தன்பாட்டில் இறைத்துக்கொண்டேயிருக்கும். இப்படியான எஞ்சின்கள் பற்றரியே இல்லாமலும் ஓடுவது இதனால்தான். சார்ஜ் நின்றுபோனதை மாதக்கணக்காக யாரும் கவனிக்காமல் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

கொயிலிலிருந்து வருவது ஆடலோட்டம், இப்படியும் அப்படியுமாக ஆடுகிற மின்சாரம். பற்றரிக்கு ஒரே திசையில் போகிற நேரோட்டம் வேண்டும். நடுவில் நிற்பது கட்டவுட். அதற்குள் இருக்கிற டயோட்டுகளைக் கடற்கரைக்காரருக்கு விளங்கப்படுத்துவது சுலபம்: மீன்கூட்டின் வாய். உள்ளே போகலாம், திரும்பி வர ஏலாது. நாலு டயோட்டைச் சேர்த்து வைத்தால் இரண்டு பக்கமும் ஆடுகிற மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும் வெளியே வரும். அதே பெட்டிக்குள் இன்னொரு பகுதி, வோல்ற் 14.5ஐ ஒட்டி வந்ததும் மிச்சத்தைத் திருப்பிவிட்டுப் பற்றரி கொதிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

ஆர்பிஎம் மீற்றர் எங்கிருந்து கணக்கெடுக்கிறது? மச்சான் மட்டுமல்ல, பலரும் அது எஞ்சினுக்குள் எங்கேயோ ஒரு பல்லுச் சக்கரத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். இல்லை. இப்படியான எஞ்சின்களில் அது பற்றரிக் கொயிலின் அலைகளை எண்ணுகிறது. சட்டிக்குள் 12 காந்த முனைகள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 6 அலை. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றினால் விநாடிக்கு 500 அலை. மீற்றர் அந்த 500ஐ எண்ணி முள்ளை 5000இல் நிறுத்துகிறது. மீற்றருக்கும் பற்றரிக்கும் ஒரே துலாத்தான் இறைக்கிறது. தண்ணீர் நின்றால் பற்றரி உடனே காட்டிக்கொடுக்காது. அதனிடம் சேமிப்பு இருக்கிறது, சில நாள் தாக்குப்பிடிக்கும். மீற்றரிடம் சேமிப்பு இல்லை. முள் அந்த நிமிடமே விழுந்துவிடும்.

புதுப் பற்றரி இந்த விஷயத்தில் பெரிய பொய்யன். சார்ஜ் ஏறாத படகில் புதுப் பற்றரியை வைத்தால் முதல்நாள் ‘கிர்’ என்று ஸ்ராட் ஆகும். ஆக, பிழை பற்றரியில்தான் என்று சொந்தக்காரன் முடிவெடுத்துவிடுவான். ஐந்தாறு நாளில் அது வடிந்ததும் “இப்ப வாற பற்றரியள் எல்லாம் கூடாது” என்று கடைக்காரனைத் திட்டுவான். ஸ்ராட்டர் பற்றரியின் ஈயத்தகடுகள் மெல்லியவை. ஒரு கணம் பெரிய கரண்டை இழுத்துக் கொடுப்பதற்குச் செய்தவை. அடிமட்டம் வரை வடியவிட்டு அப்படியே போட்டுவைத்தால் தகட்டில் வெள்ளை படிந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய நிலைக்கு வராது. மச்சானின் மூன்று பற்றரியும் அப்படித்தான் போயிருந்தன. முதலாவது கிழடு, அதன் காலம் முடிந்துதான் இருந்தது. மற்ற இரண்டும் அநியாயச் சாவு.

அடுத்தநாள் நான் வாடிக்குப் போனபோது படகைக் கரையேற்றியிருந்தார்கள். வேலைக்கு நிற்கிற பொடியன் ஒரு பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினின் காலை அதற்குள் இறக்கி வைத்தான். தண்ணீர் இல்லாமல் இந்த எஞ்சினை ஓட்டிப் பார்க்கவே கூடாது. குளிர்விக்கிற தண்ணீரை இறைக்கும் றப்பர் சக்கரம் சில விநாடியில் உரசிக் கருகிவிடும். சாரம் கட்டிக்கொண்டு சுழலும் சட்டிக்குக் கிட்டப் போகவும் கூடாது. நான் காற்சட்டையோடுதான் போயிருந்தேன்.

முதலில் எஞ்சினைத் தொடவில்லை. இரவு முழுக்கச் சார்ஜில் போட்டிருந்த பற்றரியை அளந்தேன். 12.6 வோல்ற். நிரம்பிய பற்றரிக்கு அதுதான் கணக்கு, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம் என்று அர்த்தம். எஞ்சினை ஸ்ராட் செய்து கொஞ்சம் முறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். சார்ஜ் ஏறுகிற படகென்றால் எண் 13.5ஐத் தாண்டி 14ஐ நோக்கி ஏறவேண்டும். இங்கே 12.4. பார்த்துக்கொண்டிருக்க 12.3. மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்கக்கூடிய ஒரு மல்ரிமீற்றரும் இரண்டு நிமிட நேரமும். மச்சான் இரண்டு பற்றரிக்குக் கொடுத்த காசை நான் அவனுக்கு நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

சார்ஜ் இல்லை. சரி, துலாவில் எந்த இடம் முறிந்தது? கிணறு வற்றியதா, வாளி ஓட்டையா, வாய்க்கால் உடைந்ததா?

வாய்க்காலிலிருந்து தொடங்குவதுதான் என் வழக்கம். உப்புக்காற்றில் முதலில் போவது அதுதான். பற்றரிக்கும் கட்டவுட்டுக்கும் இடையில் 20 அம்பியர் பியூஸ் இருக்கவேண்டும். இருந்தது. ஆனால் அதைச் சுற்றி சிகரெட் பெட்டிக்குள் வருகிற வெள்ளித்தாள். பியூஸ் எப்போதோ எரிந்துபோக, யாரோ தாளைச் சுற்றி அலுவலை முடித்திருக்கிறார்கள். அதைக் கழற்றி என் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வயர் வீட்டு வயறிங்குக்குப் போடுகிற சாதாரண வயர். ஓரிடத்தில் தோலைச் சீவிப் பார்த்தேன். உள்ளே செப்பு கறுத்துப் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புநீர் வெட்டுவாயில் புகுந்தால் தோலுக்குள்ளாலேயே ஊர்ந்து மேலே ஏறும். படகுக்கென்று வெள்ளீயம் பூசிய செப்பு வயர் விற்கிறது. விலை கூடத்தான். இந்தப் பச்சையைப் பார்த்தவர்கள் விலையைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள்.

ஆனாலும் அந்த வயர் முழுதாகச் சாகவில்லை. எஞ்சின் ஓடும்போது கட்டவுட்டின் சிவப்பு வயரிலும் அதே 12.3தான் இருந்தது. வயர்தான் தடுக்கிறது என்றால் கட்டவுட் பக்கம் எண் உயர்ந்தும் பற்றரிப் பக்கம் தாழ்ந்தும் நிற்கும். இரண்டு பக்கமும் ஒன்றென்றால் பிழை இன்னும் மேலே.

மீற்றரின் முதுகைப் பார்த்தேன். அதற்கு வருகிற வயர்களில் மூன்றுதான் முக்கியம்: 12 வோல்ற் வருவது, எர்த், அலையைக் கொண்டுவருவது. மின்குமிழுக்குப் போவது வேறு. அமெரிக்க எஞ்சின்களில் அலை வயர் சாம்பல் நிறம், யமஹாவில் பச்சை. திறப்பைப் போட்டதும் 12 வோல்ற் வந்தது, எர்த்தும் பிழையில்லை. அலை வயரில் மட்டும் ஒன்றுமில்லை. அதாவது மீற்றர் சாகவில்லை. அதற்குச் சாப்பாடு வரவில்லை. மச்சான் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது ஒன்று வாங்காதது பெரிய புண்ணியம். சோம்பலால் சிலவேளை காசு மிஞ்சும்.

அடுத்தது கொயில். கட்டவுட்டுக்குப் போகிற இரண்டு கொயில் வயரையும் கழற்றி, எஞ்சினை நிறுத்தி வைத்து ஓம் அளந்தேன். இரண்டுக்கும் இடையில் ஒரு ஓமுக்கும் குறைவு. தடித்த கம்பி, குறைந்த சுற்று, அப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் தொடர்பே இல்லை. அதுவும் சரி. இருந்திருந்தால் கம்பியின் பூச்சு எரிந்து இரும்பில் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் சட்டியை இழுவையால் கழற்றி எடுத்துப் பெரிய வேலை செய்யவேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டி, மல்ரிமீற்றரை ஆடலோட்டத்துக்கு மாற்றி, அதே இரண்டு வயரிலும் வைத்தேன். சும்மா ஓடும்போதே 20 வோல்றைத் தாண்டியது. முறுக்க முறுக்க ஏறியது. கிணற்றில் தண்ணீர் தாராளம்.

எஞ்சினை நிறுத்தி, கொயிலைத் திரும்பக் கட்டவுட்டோடு கொழுவி, மறுபடி ஓட்டினேன். 20 வோல்ற் அப்படியே விழுந்து ஒன்றுமில்லாமல் போயிற்று.

இதற்கு மேல் சந்தேகம் வேண்டியதில்லை. ஆனாலும் கட்டவுட்டைக் கழற்றி டயோட் சோதனையில் வைத்துப் பார்த்தேன். நல்ல டயோட் ஒரு பக்கம் வழிவிடும், வயரை மாற்றிப் பிடித்தால் மறிக்கும். இதில் இரண்டு டயோட் இரண்டு பக்கமும் ‘பீப்’ என்றன. வாய் கிழிந்த மீன்கூடு. கொயில் பெற்றதையெல்லாம் அந்தக் கிழிசல் தனக்குள்ளேயே திருப்பி விழுங்கிக்கொண்டிருந்தது. பற்றரிக்கும் ஒன்றும் போகவில்லை, எண்ணுவதற்கு அலை இல்லாததால் மீற்றரும் பட்டினி.

கட்டவுட் எரிந்தது என்று சொல்வதோடு மெக்கானிக்கின் வேலை முடிவதில்லை. ஏன் எரிந்தது என்று தெரியாமல் புதிது போட்டால் அதுவும் எரியும். எரிக்கிற வழிகள் எனக்குக் கொஞ்சம் அனுபவத்திலேயே தெரியும், ஏனென்றால் ஒன்றை நானே எரித்திருக்கிறேன்.

எனக்கு வேலை பழக்கிய பாஸ் மொரிஸ் மைனர் காலத்து ஆள். அந்தக் கார்களில் டைனமோ சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பற்றரி வயரை ‘படக்’ என்று பிடுங்குவார். கார் நின்றால் டைனமோ பிழை, ஓடினால் சரி. நானும் 17 வயதில் அதைப் பார்த்துப் பழகி, வருடக்கணக்காகச் செய்துகொண்டிருந்தேன். முதல்முதல் படகு எஞ்சின் வேலைக்குப் போன இடத்திலும் ஒரு சம்மாட்டியின் முன்னால் ஸ்ரைலாகப் பிடுங்கினேன். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. “சார்ஜ் நல்லாக் கிடக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் அவர் ஆள் அனுப்பினார். மீற்றரும் இல்லை, சார்ஜும் இல்லை. கணக்கு இரண்டு வகையில் பிழைத்திருந்தது. நெருப்புத் துலா தனி என்பதால் இந்த எஞ்சின் பற்றரி இல்லாமலும் ஓடத்தான் செய்யும். ஆக அந்தச் சோதனை எதையும் காட்டவில்லை. அதைவிட, ஓடும்போது பற்றரியைப் பிடுங்கினால் கொயிலிலிருந்து வருகிற கரண்டுக்குப் போக்கிடம் இல்லை. வோல்ற் ஒரே பாய்ச்சலில் மேலே போய் டயோட்டுகளைக் கொன்றுவிடும். புதுக் கட்டவுட்டின் காசை நான்தான் கொடுத்தேன். சம்மாட்டி நல்ல மனிசர், பாதி வாங்கினார்.

அந்தப் பிடுங்கலைத் தெரியாமலே தினமும் செய்கிற படகுகளும் உண்டு. பற்றரியில் கையால் திருகுகிற இறக்கை நட்டுப் போட்டிருந்தால், அலையில் படகு அடிபட அடிபட அது இளகும். வயர் ஒரு கணம் தொடும், ஒரு கணம் விடும். மீற்றரின் முள் பேய் பிடித்ததுபோல ஆடினால் நான் முதலில் பார்ப்பது அந்த நட்டைத்தான். சாவியால் இறுக்குகிற, உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டுப் போட்டால் அது தானாக இளகாது. மச்சானின் படகிலும் இறக்கை நட்டுத்தான். கள்வருக்குப் பயந்து ஒவ்வொரு பின்னேரமும் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறவனுக்கு அதுதான் வசதி. காலையில் இருட்டோடு இருட்டாகத் திரும்பக் கொழுவுகிறார்கள்.

“மீற்றர் எண்டைக்கு நிண்டது? வடிவா யோசிச்சுச் சொல்லு.”

மச்சான் யோசித்தான். “வெசாக் லீவுக்குக் கொழும்பிலயிருந்து கொஞ்சப்பேர் வந்தவை. அவையை ஏத்திக்கொண்டு போகேக்க வேலை செய்தது, எனக்கு நல்ல ஞாபகம். அடுத்தநாள் விடிய இல்லை.”

அந்த வருடம் வெசாக் மே 5. பரலுக்குப் பக்கத்தில் நின்ற பொடியன் குனிந்து தண்ணீரைக் கோலிக்கொண்டிருந்தான். தேவையே இல்லாத அளவுக்குக் கோலிக்கொண்டிருந்தான்.

கட்டவுட் நிலாவெளியில் கிடைக்கவில்லை. கொழும்புக்குச் சொல்லி நாலு நாளில் வந்தது. அந்த நாலு நாளும் மச்சான் கயிறு இழுத்தான். நான் அதற்கிடையில் வயரெல்லாம் மாற்றி, முனைகளை அழுத்திப் பூட்டி, சுருங்குகிற றப்பர்க் குழாயால் மூடினேன். கட்டவுட் உட்காருகிற இடத்தை உப்பும் பெயின்ரும் போக உரசினேன். அது சூட்டை எஞ்சின் உடம்புக்குக் கடத்தித்தான் உயிரோடு இருக்கிறது. இடையில் கறள் இருந்தால் வெந்து சாகும். எர்த் வயரின் அடியையும் அப்படியே. சரியான பியூஸ் ஒன்று போட்டு, இன்னும் இரண்டைப் படகின் பெட்டிக்குள் வைத்தேன். நேர்முனை வயரின் தலைக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்தேன், இருட்டிலும் ரோர்ச் வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி.

எல்லாம் பூட்டி ஓட்டியபோது பற்றரியில் 13.9. முறுக்கினால் 14.3. மீற்றர் முள் ஒரு துள்ளுத் துள்ளி எழும்பியது. மச்சான் அதைப் பார்த்து ஏதோ செத்த கோழி கூவியதுபோலச் சிரித்தான்.

மீற்றர் எதற்கு என்று அவன் திரும்பவும் கேட்டதால் உப்புவெளிக்காரர் ஒருவரின் கதையைச் சொன்னேன். அவர் புது மீற்றர் வாங்கிப் பூட்டினார். இந்த மீற்றர்களின் முதுகில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். உன் எஞ்சினில் எத்தனை காந்த முனை என்று அதில் சொல்லவேண்டும். அவருடைய எஞ்சினில் 8 முனை, சுற்றுக்கு 4 அலை. திருகு 12 முனையில், அதாவது 6 அலையில் நின்றது. முழு முறுக்கில் உண்மையாக 5100 சுற்றிய எஞ்சினுக்கு மீற்றர் 3400 காட்டியது. எஞ்சின் திணறுகிறது என்று நினைத்து, புரொப்பெல்லரை மாற்றினார். புரொப்பெல்லரின் பிச் என்பது ஒரு சுற்றில் அது எத்தனை அங்குலம் முன்னுக்குப் போகும் என்ற கணக்கு. ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுக் கூடுதலாக ஓடும். இரண்டு அங்குலம் குறைத்தார். மீற்றர் 3600ஐத்தான் தாண்டியது. போதாதென்று இன்னும் ஒன்று குறைத்தார். 5500க்கு மேல் ஓடக்கூடாத எஞ்சின் அதைக் கடந்து அலறத் தொடங்கியது. சத்தத்தைக் கேட்ட ஒரு கிழவர்தான் “தம்பி, உன்ர மீற்றரை நம்பாதை, காதை நம்பு” என்று சொல்லி அவரை என்னிடம் அனுப்பினார். திருகைத் திருப்ப எனக்கு அரை நிமிடம். பழைய புரொப்பெல்லரை அவர் ஏற்கனவே விற்றுவிட்டார்.

கிழவர் சொன்னது அந்த எஞ்சினுக்குச் சரி. ஆனால் காது மெதுவாக நடக்கிற மாற்றத்தைக் கேட்காது. பழைய நாளில் 5200 போன படகு அதே சுமையில் 4800தான் போகிறது என்றால், அடியில் பாசி பிடித்திருக்கிறது, அல்லது புரொப்பெல்லர் அடிபட்டிருக்கிறது, அல்லது ஒரு சிலிண்டர் களைத்திருக்கிறது. அதை முள்தான் சொல்லும். வேகத்தில் மட்டும் முள் தடுமாறினால் கட்டவுட்டோ பற்றரியோ சாகத் தொடங்கியிருக்கலாம். முள் ஒழுங்காக இருக்க பற்றரி மட்டும் வடிந்தால் பியூஸையும் சிவப்பு வயரையும் பாருங்கள். அலை வருகிறது, வாய்க்கால்தான் உடைந்திருக்கிறது. பற்றரிக்குள் தண்ணீர் அடிக்கடி குறைந்து அழுகின முட்டை மணம் வந்தால் ஓடும்போது அளவுங்கள். 15ஐத் தாண்டினால் கட்டவுட் கட்டுப்படுத்துவதை விட்டுவிட்டது.

இப்போது வருகிற நாலு ஸ்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் இந்த விளையாட்டு இன்னும் ஆபத்தானது. எரிபொருளைப் பீச்சுவதற்கும் பம்பை ஓட்டுவதற்கும் உள்ளே இருக்கிற கணினிக்கும் பற்றரி மின்சாரம் வேண்டும். சார்ஜ் நின்றால் ஒரு கட்டத்தில் எஞ்சினே நின்றுவிடும். கயிறு சுற்றி ஏழாவது இழுப்பில் கைதட்டு வாங்கும் வசதியெல்லாம் அதில் கிடையாது.

வேலை முடிந்து நான் கிளம்பும்போது பொடியன் மோட்டார்சைக்கிள் வரைக்கும் கூட வந்தான்.

“அண்ணை, வெசாக்குக்கு அடுத்தநாள் விடியக்காலமை நான்தான் பற்றரி கொழுவினனான். மாறித் தொட்டிட்டுது. ஒரு பொறி பறந்தது. உடன மாத்திப் போட்டன். பேந்து எல்லாம் வேலை செய்ததுதானே எண்டு…”

நேர்முனையும் எதிர்முனையும் மாறினால் மீன்கூட்டின் வாய்கள் எல்லாம் ஒரேயடியாகத் திறந்து, பற்றரியின் முழுப் பலமும் டயோட்டுகளுக்குள்ளால் பாயும். ஒரு கணம் போதும். அதன் பிறகும் ஸ்ராட்டர் சுற்றும், எஞ்சின் ஓடும், லைற் எரியும். முள் மட்டும் எழும்பாது.

“ஐயாட்டச் சொல்லாதேங்கோ, அண்ணை.”

சொல்லவில்லை. உப்புத்தான் காரணம் என்று மச்சானிடம் சொன்னேன். அவன் நம்பினான், கடற்கரையில் எல்லாவற்றுக்கும் உப்புத்தான் காரணம். பொடியன் போன வருடம் கட்டாருக்குப் போய்விட்டான், ஏசி பூட்டுகிற வேலையாம். ஆகவே இப்போது எழுதுவதில் பிழையில்லை. மச்சான் இதை வாசித்தால் வாசிக்கட்டும். 20 அம்பியர் பியூஸ் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் பொறி பெரும்பாலும் பியூஸோடு போயிருக்கும். வெள்ளித்தாள் சுற்றின பியூஸ் இன்னும் என் கடை மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதைச் சுற்றினது யார் என்று நான் அவனிடம் இதுவரை கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் சிகரெட் பிடிக்கிறவன் அவன் ஒருவன்தான்.